ஓய்வுக்காலப் பணத்தில் எதற்கு வரி, எதற்கு இல்லை: மதுரைப் பக்கத்து ஓய்வூதியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் பென்ஷன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சலக வட்டி, மாடி வீட்டு வாடகை, மேலூர்ப் பக்கம் கிடக்கும் வயலின் குத்தகை, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்புவது. பாஸ்புக்கைப் பொறுத்தவரை இவை எல்லாமே வரவுதான். வருமான வரிச் சட்டம் மட்டும் ஒவ்வொன்றையும் தனித் தலைப்பில் வைத்துப் பார்க்கிறது. சிலவற்றுக்கு முழு விலக்கு, சிலவற்றுக்குக் கழிவு, சிலவற்றுக்கு ஒரு ரூபாய் விடாமல் வரி.

"பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே, நமக்கு என்ன?" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள். வரி இல்லை என்பது ஒன்று, டிடிஎஸ் (பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று, ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட வேண்டாம் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே உள்ள கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் பிரிவு எண்களைத் தவிர்த்து, வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் புழங்கும் பெயர்களையே சொல்கிறோம்.

முதல் படி: காகிதங்களைச் சேருங்கள்

பென்ஷனுக்குப் படிவம் 16 வேண்டும். மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்கள் பென்ஷன் வரும் வங்கியிலும், மாநில அரசு ஓய்வூதியர்கள் கருவூலம் வழியாகவும் வாங்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும், அஞ்சலகத்திலும் அந்த ஆண்டுக்கான வட்டிச் சான்று கேளுங்கள். மாநகராட்சிக்குக் கட்டிய சொத்துவரி ரசீது, வாடகை வந்த பதிவு இரண்டையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு அறிக்கைகளை இறக்குங்கள். முதலாவதில் உங்கள் பெயரில் எவ்வளவு டிடிஎஸ் கட்டப்பட்டிருக்கிறது என்பது இருக்கும். இரண்டாவதில் வட்டி, டிவிடெண்ட் (பங்கு ஈவு), பத்திரப்பதிவு, மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை என்று துறைக்குத் தெரிந்த எல்லாமே இருக்கும். கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் முதல் பெயருக்குரியவரின் பான் எண்ணில்தான் விழும். போட்ட பணம் மனைவியுடையது, முதல் பெயர் கணவருடையது என்றால் கணவரின் ஏஐஎஸ் வீங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் ரிட்டர்ன் போட்டால் பிறகு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும்.

பான், ஆதார் இணைப்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இணைக்காத பான் செயலற்றது. அப்போது டிடிஎஸ் 10 சதவீதத்துக்குப் பதிலாக 20 சதவீதம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் 15எச் படிவமும் செல்லாது.

இரண்டாம் படி: ஓய்வு பெறும்போது வந்த மொத்தத் தொகைகள்

அரசு ஊழியர்களுக்கு இதில் கவலையில்லை. கிராஜுட்டி (பணிக்கொடை), ஓய்வின்போது வாங்கும் விடுப்புச் சம்பளம், ஜிபிஎஃப் (அரசு ஊழியர் வருங்கால வைப்பு நிதி), கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) நான்குக்கும் முழு விலக்கு உண்டு.

தனியார் ஆலை, கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு வரம்புகள் உண்டு. கிராஜுட்டிச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், கடைசி மாதச் சம்பளத்தை (அடிப்படையும் அகவிலைப்படியும்) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை, 20 லட்சம், உண்மையில் வாங்கியது, இம்மூன்றில் எது குறைவோ அதற்கு விலக்கு. விடுப்புச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 25 லட்சம். கம்பெனி பென்ஷனை கம்யூட் செய்தால், கிராஜுட்டியும் வாங்கியவருக்கு முழுப் பென்ஷன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும், வாங்காதவருக்குப் பாதிக்கும் விலக்கு.

பிஎஃப் பணத்துக்கு, தொடர்ந்து ஐந்தாண்டு பணி இருந்தால் வரி கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் "அங்கேயே கிடக்கட்டும், நல்ல வட்டி" என்று பணத்தை விட்டு வைக்கிறவர்களுக்குத்தான் சிக்கல். வேலையை விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. விலக்கு என்பது ஊழியராக இருந்த காலத்துக்குத்தான். சொக்கிகுளம் பிஎஃப் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) வைத்திருந்தவர்கள் 60 வயதில் எடுக்கும் மொத்தத் தொகையில், சேர்ந்த நிதியின் 60 சதவீதம் வரை விலக்கு. மீதியில் ஆன்யுட்டி (மொத்தப் பணம் கட்டி மாதாமாதம் தொகை வாங்கும் திட்டம்) வாங்கும்போது வரி இல்லை. பிறகு அதிலிருந்து மாதாமாதம் வருவதற்கு முழு வரி.

எல்ஐசி முதிர்வுத் தொகை பெரும்பாலும் விலக்கில் வரும். 2012 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த பாலிசியில் ஆண்டு பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் விலக்கு போய்விடும். ஒற்றைப் பிரீமியம் பாலிசிகள் இங்கேதான் மாட்டும்.

மூன்றாம் படி: மாத ஓய்வூதியம்

அரசு, ரயில்வே, வங்கி, பிஎஃப் பென்ஷன் எல்லாமே சம்பளத் தலைப்பு. அதனால் நிலையான கழிவு உண்டு: புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) 75,000, பழைய வரி முறையில் (கழிவுகள் அதிகம்) 50,000; இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பென்ஷனே அதைவிடக் குறைவு என்றால் பென்ஷன் அளவுக்குத்தான் கழிவு. ஆலையில் இருந்து ஓய்வு பெற்று பிஎஃப் பென்ஷன் மாதம் 2,500 வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு 30,000. அது அப்படியே கழிந்து பூஜ்யம் ஆகிவிடும். மிச்சக் கழிவை வட்டியிலோ வாடகையிலோ கழிக்க முடியாது.

கம்யூட் செய்தவர்கள் படிவம் 16ஐ ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். வரி, கம்யூட் செய்த பகுதி போக மீதிக் கையில் வரும் பென்ஷனுக்குத்தான். முழு அடிப்படைப் பென்ஷனையும் வருமானமாகக் காட்டியிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். 15 ஆண்டு கழித்து அந்தப் பகுதி மீண்டும் பென்ஷனில் சேரும்போது வருமானமும் கூடும்.

அகவிலைப்படி நிலுவை, பென்ஷன் திருத்த நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாக வந்து வரி ஏறினால் நிவாரணம் உண்டு. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே படிவம் 10இ தாக்கல் செய்திருக்க வேண்டும். ரிட்டர்னில் மட்டும் நிவாரணத்தைக் காட்டி 10இ-ஐ விட்டவர்களுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டு, வரி கட்டச் சொல்லி டிமாண்ட் வரும்.

குடும்ப ஓய்வூதியம் வேறு கதை. கணவர் காலமான பின் மனைவிக்கு வருவது சம்பளம் அல்ல, 'இதர வருமானம்'. அதற்கு 75,000 கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது (பழைய முறையில் 15,000). தானும் ஆசிரியையாக இருந்து சொந்தப் பென்ஷன் வாங்கும் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷனும் வந்தால் இரண்டையும் கூட்டி ஒரே வரியில் எழுதக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் கழிவு உண்டு.

நீங்களே மொத்தப் பணம் கட்டி வாங்கிய எல்ஐசி ஆன்யுட்டியும் இதர வருமானம்தான். போட்டது உங்கள் சொந்தப் பணமே ஆனாலும், மாதம் வருவதில் அசல் எவ்வளவு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. வரும் தொகை முழுவதும் வருமானம், கழிவும் இல்லை. ஆன்யுட்டி விற்க வருகிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான்காம் படி: வட்டி

ஓய்வூதியர்களிடம் டிடிஎஸ் அதிகமாகப் போவது இங்கேதான். அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500, ஆண்டுக்கு 2,46,000. முழுவதும் வரிக்குட்பட்டது. மாதாந்திர வருமானத் திட்டத்தில் தனிக்கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம். அந்த வட்டிக்கும் வரி. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டிக்கு முழு விலக்கு.

60 வயதானவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். அந்த வங்கியின் எல்லாக் கிளைகளும் சேர்ந்தே கணக்கு. அண்ணாநகர்க் கிளையில் பாதி, கே.கே.நகர்க் கிளையில் பாதி என்று பிரித்துப் போடுவதில் பயனில்லை. 60க்குக் கீழே உள்ளவர்களுக்கு வரம்பு 50,000.

இதைத் தடுப்பது 15எச் படிவம். 60 வயது நிரம்பி, ஆண்டு மொத்த வருமானத்துக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்றால் கொடுக்கலாம். புதிய முறையில் 12 லட்சம் வரை கிடைக்கும் தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்யம் ஆனாலும் போதும். கவனிக்க வேண்டியவை:

ஏப்ரல் முதல் வாரத்திலேயே, ஒவ்வொரு வங்கிக்கும், அஞ்சலகத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். சென்ற ஆண்டு கொடுத்தது இந்த ஆண்டுக்கு ஆகாது. ஜூன் கடைசியில் போய்க் கொடுத்தால் முதல் காலாண்டு வட்டியில் பிடித்தது பிடித்ததுதான். வங்கி திருப்பித் தராது, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்க வேண்டும். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பென்ஷனில் பிடிக்கும் வரியை 15எச் நிறுத்தாது. அதற்கு எந்த வரி முறை என்பதைப் பென்ஷன் வழங்கும் வங்கிக்கோ கருவூலத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தும் 15எச் கொடுப்பது பொய் உறுதிமொழி, தண்டனைக்குரியது.

முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்புகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் கைக்கு வருவது ஐந்து வருடம் கழித்து. வங்கி ஆண்டுதோறும் வட்டி சேர்ந்ததாகக் கணக்கிட்டு டிடிஎஸ் பிடித்து 26ஏஎஸ்ஸில் காட்டும். வருமானத்தையும் ஆண்டுதோறும் காட்டிவிடுவதுதான் நல்லது. ஐந்தாவது ஆண்டில் மொத்தத்தையும் காட்டினால் அந்த ஒரு வருடம் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டி, தள்ளுபடி போய்விடலாம்.

ஐந்தாம் படி: வாடகையும் ஒத்தியும்

வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுக்கலாம். வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் 30தான். பில் எதுவும் கேட்க மாட்டார்கள். மாதம் 12,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,44,000. அரையாண்டுக்கு 3,000 வீதம் சொத்துவரி 6,000 போனால் 1,38,000. அதில் 30 சதவீதம் 41,400. வரிக்கு வருவது 96,600.

ஒத்திக்கு விடுவது நம் பக்கத்தில் அதிகம். ஐந்து லட்சம், பத்து லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வீட்டைக் கொடுப்பது, மாத வாடகை இல்லை. ஒத்திப் பணம் திருப்பித் தர வேண்டிய தொகை, ஆகவே அது வருமானம் அல்ல. அதை வங்கியில் போட்டு வரும் வட்டி வருமானம். "வாடகையே வாங்கவில்லையே" என்ற வாதமும் நிற்காது. அந்த வீடு அந்தத் தெருவில் நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதைச் சட்டம் வருமானமாகப் பார்க்கிறது.

இன்னும் பெரிய ஆபத்து ரொக்கம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். திருப்பித் தருவதற்கும் இதே விதி. வரியே இல்லாத வருமானக்காரருக்கும் இது பொருந்தும். ஒத்திப் பணத்தைக் காசோலையாகவோ வங்கி மாற்றலாகவோ மட்டுமே வாங்குங்கள், ஒப்பந்தத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள்.

ஆறாம் படி: வயலும் தோட்டமும்

வாடிப்பட்டி நெல், அலங்காநல்லூர்க் கரும்பு, தோட்டத்து மல்லி, இவற்றின் வருமானத்துக்கு வரி இல்லை. வயலைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமோ நெல்லோ கூட விவசாய வருமானம்தான். பால் மாடு, கோழிப்பண்ணை விவசாயம் ஆகாது. அது தொழில் வருமானம்.

விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பை (புதிய முறையில் 4 லட்சம்) தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குத் தள்ளுபடி பெரும்பாலும் இதையும் விழுங்கிவிடும். ஆனாலும் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும். ஆதாரத்துக்கு விஏஓவிடம் வாங்கிய அடங்கல் (பயிர்ப் பதிவு நகல்), கொள்முதல் நிலைய ரசீது, மாட்டுத்தாவணி பூக்கடைச் சீட்டு ஆகியவற்றை வையுங்கள். அடங்கலில் தரிசு என்றிருக்க, ரிட்டர்னில் மூன்று லட்சம் விவசாய வருமானம் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிலத்தை விற்கும்போது கேள்வி மாறுகிறது. கிராமப்புற விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு வரியே இல்லை. கிராமப்புறமா என்பதைத் தீர்மானிப்பது நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரம். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சாலை வழியே எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல. மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிய மதுரை மாநகராட்சியின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற, லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர். இரண்டு சோதனையும் தேற வேண்டும். விற்கும் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் தூரச் சான்று வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

எல்லைக்குள் இருக்கும் நிலமோ மனையோ வீடோ விற்றால், இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்ததற்கு லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்றால் பணவீக்கக் குறியீட்டுடன் (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்தி) 20 சதவீதம் போட்டும் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அப்பா காலத்துச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை விலையாக எடுக்கலாம்; அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

ஏழாம் படி: ஃபண்ட், பங்கு, வீட்டார் பணம்

பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை ஓராண்டுக்குப் பிறகு விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, மேலே 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20. மாதாமாதம் குறிப்பிட்ட தொகை எடுக்கும் முறையில், வந்த பணம் முழுவதும் வருமானம் அல்ல, அதிலுள்ள லாபம் மட்டும். டிவிடெண்ட் முழுவதும் வருமானம்.

மகனோ மகளோ அனுப்பும் பணம் எவ்வளவானாலும் பெற்றோருக்கு வரி இல்லை. அதை வைப்பில் போட்டால் வட்டி உங்களுடையது. கணவர் தன் ஓய்வுப் பணத்தை மனைவி பெயரில் போட்டு, மனைவி பெயரில் வட்டியைக் காட்டுவது பலரும் செய்வது, அது செல்லாது. அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். அந்த வட்டியை மீண்டும் முதலீடு செய்து வரும் வட்டிதான் மனைவியுடையது.

எட்டாம் படி: கூட்டிப் பாருங்கள்

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை; 4 முதல் 8 வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதற்கு மேல் 30. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் வரி முழுவதும் தள்ளுபடி. வயதுக்கென்று தனிச் சலுகை இதில் இல்லை.

மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் மாதம் 42,000, ஆண்டுக்கு 5,04,000. கழிவு போக 4,29,000. மூத்த குடிமக்கள் திட்ட வட்டி 2,46,000. வங்கி வட்டி 1,40,000. மேலே போட்ட வாடகை 96,600. மொத்தம் 9,11,600. புதிய முறையில் வரி 31,160, தள்ளுபடியால் பூஜ்யம். பழைய முறையில் வட்டிக்கு 50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000 கழித்தாலும் 8,56,600 நிற்கும். 4 சதவீத செஸ்ஸுடன் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சுமார் 84,573 கட்ட வேண்டும். பெரும்பாலான ஓய்வூதியர்களுக்குப் பழைய முறை இனி எடுபடாது.

வரி பூஜ்யமான இதே மனிதர் 15எச் கொடுக்கவில்லை என்றால் 24,600, 14,000 என்று 38,600 டிடிஎஸ் போயிருக்கும்.

அதே ஆண்டில் அவர் ஒரு மனையை விற்று 6 லட்சம் லாபம் பார்த்தால்? லாபத்துக்கு 75,000 மட்டும்தான் என்று நினைப்பார். மொத்த வருமானம் 15,11,600 ஆகி 12 லட்சத்தைத் தாண்டுவதால், தள்ளுபடியான 31,160ம் திரும்பி வரும். செஸ்ஸுடன் 1,10,406. மனை விற்கும் ஆண்டில், முடிந்தால், பெரிய வைப்புகள் முதிராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 15எச்சும் அந்த ஆண்டு கொடுக்கக் கூடாது. தவிர, மொத்தம் 12 லட்சத்துக்குள் இருந்தாலும் 12.5 சதவீதம் போன்ற தனி விகித வரிக்குத் தள்ளுபடி கிடைக்காது.

ஒன்பதாம் படி: கட்டுவதும் தாக்கல் செய்வதும்

60 வயதானவர், தொழில் வருமானம் இல்லாதவர் என்றால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டாம். ரிட்டர்னுக்கு முன் கட்டினால் போதும். விருப்ப ஓய்வில் 55லேயே வந்தவருக்கு இச்சலுகை இல்லை. பால் வியாபாரம் செய்கிற 65 வயதுக்காரருக்கும் இல்லை. டிடிஎஸ் போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி நின்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் தவணை கட்ட வேண்டும்.

நிலையான கழிவு போக, மற்றக் கழிவுகளுக்கு முந்தைய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமானாலும் ரிட்டர்ன் கட்டாயம். 75 வயதானவர்களுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானமே இல்லாமல், அந்த வங்கிக்கு உறுதிமொழி கொடுத்தவர்களுக்குத்தான் அது. அஞ்சலகத்தில் ஒரு வைப்போ மாடியில் ஒரு வாடகைக்காரரோ இருந்தால் விலக்கு கிடையாது.

கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் போடலாம்: வருமானம் 5 லட்சத்துக்குள் 1,000, மேலே 5,000. பழைய முறை வேண்டுமென்றால் ஜூலை 31க்குள் போட்டால்தான் கிடைக்கும். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கை இணையதளத்தில் முன்பே சரிபார்த்து வையுங்கள். பான் பெயரும் பாஸ்புக் பெயரும் இனிஷியலில் வேறுபட்டால் பணம் வராது நிற்கும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்யுங்கள். ஓடிபி போகும் செல்போன் எண் வெளியூரில் இருக்கும் மகனுடையது என்றால், ஆதாரில் உங்கள் எண்ணை மாற்றும் வேலையை ஜூலைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.